சாமி அலமாரியிலிருந்து ஒரு செய்தி மடல்

சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் வட்டாரத் தமிழ்ச் செய்தி மடலின் கதையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் தூக்கம் வராது.

1887இல் வந்த 'சிங்கை நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி ஒரு காசுக்குக் கொண்டுவந்த 'தமிழ் முரசு' பற்றியெல்லாம் படிக்க விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம் இருக்கிறது. நம் மடலோ அடுக்குமாடி புளோக் புளோக்காகப் போய்க் கடிதப் பெட்டியில் போட்ட நாலு பக்கத் தாள். அதை யார் சேர்த்து வைப்பார்கள்? அச்சடித்த இடத்தில் கேட்டேன். இடம் மாறியபோது பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டார்களாம். "பழைய பேப்பர்தானே" என்றார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் பத்தாம் மாடிப் பாட்டி கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டுச் சாமி அலமாரியில் விரித்திருந்தது நம் மடல்! ஓரமெல்லாம் குங்குமம், நடுவில் காமாட்சி விளக்கு வைத்த எண்ணெய் வட்டம். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தால், 1988 டிசம்பரில் ஈசூனுக்கு எம்ஆர்டி ரயில் வந்த செய்தி. "எடுத்துக்கோய்யா, வேற பேப்பர் விரிச்சிட்டுப் போ" என்றார் பாட்டி. விரித்துவிட்டுத்தான் வந்தேன்.

படியெடுக்கும் ஸ்டென்சில் தாளில் மடலை எழுதிய ஐயா இன்று இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் 1978இலேயே எழுத்து மாறியும், இவர் 'லை', 'னை' எல்லாவற்றுக்கும் எழுத்தோடு ஒட்டி வரும் பழைய யானைத் தும்பிக்கைக் கொம்புதான் போட்டார். என் மகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று உருளையைச் சுற்றியது அவர் மகள். "கையெல்லாம் மை, பேரு மட்டும் எந்த இதழ்லயும் இல்ல தம்பி" என்று சிரித்தார். அக்கா, இப்போது முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

டாக்சி ஓட்டும் அண்ணனுக்குத் தனி நன்றி. புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலிலிருந்தே ஈசூனில் இருந்ததாக எழுதிவைத்திருந்தேன். கோயில் முன்பு செம்பவாங்கில் இருந்த காலத்திலேயே கேன்பரா சாலையில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்தவரிடம் அது செல்லுமா? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திருத்தினேன்.

இன்னும் சில இதழ்கள் கிடைக்கவில்லை. உங்கள் அலமாரித் தட்டை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மாற்றி விரிக்கப் பேப்பர் நானே கொண்டுவருகிறேன்.