செம்பு அயன் பெப்தைட்டைப் பற்றும் வேகமும் கற்பிக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆய்வுகூடங்களில் உயர்தர மாணவர்கள் புரதத்தைக் கண்டறியும் பையூரெற்றுச் சோதனை செய்யும்போது, முட்டை வெண்கருக் கரைசலுடன் காரத்தையும் செம்புச் சல்பேற்றையும் சேர்த்து, நீலம் ஊதாவாக மாறியதும் "புரதம் உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த ஊதா நிறம், புரதத்தின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்தைட்டுப் பிணைப்புகளிலுள்ள நைதரசன் அணுக்கள் செம்பு அயனைப் பற்றிக்கொண்டதன் அடையாளம் என்பதையும், அப்பற்றுதல் எவ்வளவு விரைவாக நிகழக்கூடியது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

நீரில் கரைந்த செம்பு அயன் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை ஒரு செக்கனில் நூறு கோடி தடவைக்கும் மேலாக மாற்றிக்கொள்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் அதற்கு முன்னே நிற்கும் நிக்கலோ சில பத்தாயிரம் தடவைகளே மாற்றுகிறது. செம்பைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் நிற்கும் எண்முகி அமைப்பு ஓர் அச்சில் நீண்டிருப்பதால் அங்குள்ள நீர் எளிதில் விலக, ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலம் உடனே அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் முதற்பற்றுதலோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதச் சங்கிலியின் முனையில் காண்பதுபோல், பெப்தைட்டு நைதரசன்கள் தம் ஐதரசனை இழந்து செம்பைச் சூழ்ந்துகொள்ளும் இறுதி அமைப்பு உருவாக மேலும் நேரம் செல்கிறது. நரம்புக் கலங்களின் இடைவெளியில் செம்பு மிகக் குறுகிய நேரமே வெளிப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அல்சைமர் நோயுடன் தொடர்புடைய அமைலோயிட்டு பீற்றாப் பெப்தைட்டு என்னும் குறும் அமினோ அமிலச் சங்கிலி அதைப் பற்றுமா என்பதைச் பிணைப்பின் வலிமையைக் காட்டும் சமநிலை மாறிலி மட்டும் தீர்மானிப்பதில்லை. வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

சமநிலைக் கணக்குகளுக்கு ஒதுக்கும் பாடவேளைகளில் ஒன்றையேனும் இதற்கு ஒதுக்குமாறு ஆசிரியர்களையும் பாடத்திட்டம் வகுப்போரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.