அவர்கள் பாடியது சொற்களை

ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் வந்த ஜாஸ் கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரோஸ் என்று சேர்ந்து பாடிய ஜாஸ் பாடகர் மூவருக்கும் அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி. இசைக்கருவிகளைப் போல வாயால் ஒலி எழுப்பியவர்களாம். அது சரியில்லை.

பொருளில்லாத ஒலிகளை வைத்துக் கற்பனையாகப் பாடுவது ஸ்கட். இவர்களுடையது வோகலீஸ். றெக்கோர்டில் ஏற்கெனவே இருக்கும் சக்ஸபோன் வாசிப்பை எடுத்து, அதன் நெளிவு சுளிவுகளுக்கெல்லாம் சொல் வைத்து ஜோன் ஹென்ட்ரிக்ஸ் எழுதினார். மெட்டுக்குப் பாட்டெழுதுவது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் பாட்டுக்கென்று மெட்டுப் போடுகிறவர், பாடுபவர் மூச்சுவிட ஓர் இடம் வைப்பார். மனம்போன போக்கில் பாய்ந்து வாசித்தவர் ஏன் வைக்கப்போகிறார்? கவுண்ட் பேசியின் ஜாஸ் வாத்தியக் குழுவுடைய 1951 பதிவான 'லிட்டில் போனி'யில் வார்டெல் கிரேயின் சக்ஸபோனை முதலில் கேளுங்கள். அப்புறம் இவர்களைக் கேளுங்கள்.

இவர்கள் பாடிய அந்தப் பாட்டு இருக்கும் 'சிங் எ சோங் ஒஃப் பேசி' இசைத்தட்டு 1957இல் நியூயோர்க்கில் பதிவானது. முதலில் ஒரு கோரஸ் குழுவைத்தான் அமர்த்தினார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஆனி ரோஸ். எவ்வளவு முயன்றும் அவர்களுக்கு ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் தாள ஊசலாட்டம், வரவில்லை. கடைசியில் மூவரும் தாங்களே எல்லாப் பகுதிகளையும் பாடி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். குரல்களுக்கான அமைப்பு டேவ் லம்பேர்ட்டுடையது. ட்ரம்பெட் வரிசை, ட்ரொம்போன் வரிசை, சக்ஸபோன் வரிசை எல்லாமே அந்த மூன்று தொண்டைகள். துணைக்குப் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மட்டும். கிட்டார், பேசி குழுவின் ஃப்ரெடி கிரீனேதான். 'ஃபியெஸ்டா இன் புளூ'வில் ட்ரம்பெட்டின் இடத்தை எடுத்துக்கொண்டு ஆனி ரோஸின் குரல் மேலே ஏறும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் கையிலிருக்கும் வேலை எனக்கு நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962இல் ஆனி ரோஸ் விலகியபின் அவர் இடத்துக்கு வந்தவர் நம் கொழும்பில் பிறந்த யோலண்ட் பவன். 1963 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸோடு அவர் பாடியது இசைத்தட்டாகவே வெளிவந்திருக்கிறது. நம் ஊர்ப் பத்திரிகையில் ஜாஸ் பற்றி மூன்று பக்கம் வந்தும் அவர் பெயர் இல்லை என்பது எனக்குப் பெரிய மனவருத்தம். அடுத்த இதழிலாவது அவரைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை.