ரத்தத்துல என்னடா கலரு

மச்சான்,

உன் லெட்டர் வந்துச்சு, அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ லேப் டெக்னீஷியன் கோர்ஸ் சேந்துட்டா, வீட்ல எந்நேரமும் பிளட் குரூப் பேச்சுதான்.

நீ ஓயாம சொல்வியே அந்த மாஷ்ங்கிற அமெரிக்க டிவி சீரியல், கொரியா போர்ல நடக்குற ஆஸ்பத்திரி கதை, அதை இப்பதான் அவளோட உக்காந்து பாக்குறேன். 1973ல வந்த ஒரு எபிசோடு மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. அடிபட்டு வந்த வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒருத்தன், எனக்கு சரியான கலர் ரத்தமா பாத்து ஏத்துங்கன்னு டாக்டர்கிட்டயே சொல்றான். அங்க இருக்கிற டாக்டர்ங்க ஹாக்ஐ, டிராப்பர் ரெண்டு பேரும் அவன் தூங்குறப்ப டிங்க்சர் அயோடின பூசி தோல கருக்க வச்சுடுறாங்க, முழிச்சுப் பாத்து பதறிப் போறான். எனக்கு சிரிப்பே வரல, ஏன்னா அவன் கேட்டது அமெரிக்காவுல நெசமாவே நடந்துட்டிருந்ததுதான். அமெரிக்க ரெட் கிராஸ் முதல்ல கருப்பர் ரத்தத்த வாங்கவே மாட்டேன்னுச்சு, அப்புறம் 1942ல வாங்க ஆரம்பிச்சும் தனியா லேபிள் ஒட்டித்தான் வச்சாங்க, 1950லதான் அத விட்டாங்க. ராணுவத்துல கருப்பர் வெள்ளையர்னு பிரிவினை கூடாதுன்னு ஜனாதிபதி ட்ரூமன் 1948லயே ஆர்டர் போட்டும் 24வது காலாட்படை ரெஜிமென்ட் கருப்பர் படையாவேதான் கொரியாவுக்குப் போச்சு, 1951லதான் கலைச்சாங்க.

ஒண்ணு மட்டும் உறுத்துது. பிளாஸ்மாவ, அதாவது ரத்தத்துல இருக்கிற திரவத்த, சேமிச்சு வைக்கிற வேலைல பெரிய ஆளு டாக்டர் சார்லஸ் ட்ரூ, அவரு கருப்பர். கார் ஆக்சிடென்ட்ல அடிபட்டப்ப வெள்ளைக்காரங்க ஆஸ்பத்திரில சேத்துக்காம செத்துட்டாருன்னு அந்த எபிசோடுல சொல்றாங்க. அப்படி நடக்கல. 1950 ஏப்ரல் 1, நார்த் கரோலினால வெள்ளைக்கார டாக்டர்ங்கதான் வைத்தியம் பாத்தாங்க, காயம் அவ்வளவு மோசம், கூட கார்ல வந்த கருப்பு டாக்டரே இத சொல்லிருக்காரு. நல்ல எண்ணத்துல சொன்னாலும் பொய் வேணாம்டா, நாளைக்கு ஒருத்தன் இத ஒண்ண காட்டி மத்ததும் கட்டுக்கதைம்பான். நெசமே எவ்வளவு கொடுமை பாரு, 1941ல ரெட் கிராஸ் பிளட் பேங்க நடத்துன அந்த மனுஷன் ரத்தம் குடுக்க கைய நீட்டியிருந்தா அவர் ரத்தத்தையே வாங்கிருக்க மாட்டாங்க!

இன்னொண்ணு, முதல் சீசன்ல ஒரு கருப்பு சர்ஜன் வந்தாரே, அவருக்கு வச்ச பட்டப்பேரே கேவலமான வசவு, அதுக்கப்புறம் ஆளையே காணோம். அதையும் யாராவது கேக்கணும்ல.

கடைசில அந்த சார்ஜென்ட் நன்றி சொல்லிட்டுப் போறான், நீ அத நம்புனியா? ரெண்டு டாக்டர் பண்ண ஒரு விளையாட்டுல ஒருத்தன் அவ்வளவு சீக்கிரம் மாறிடுவான்னு எனக்குத் தோணல. பதில் எழுது.