மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: கொழும்பில் இலத்திரனியல் சாமான் திருத்தும் தம்பிமாருக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பிமாரே,

புறக்கோட்டை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நீங்கள் எங்கே மேசை போட்டிருந்தாலும் இது உங்களுக்குத்தான். போன மாதம் என் ஐபொட்டை, அதுதான் அப்பிளின் பாட்டுக் கேட்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். 2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை, 30 ஜிபி. திரையில் சோக முகம், உள்ளே டிக் டிக் என்று சத்தம். ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை. "அண்ணை, இதுக்கெல்லாம் இப்ப டிஸ்க் வராது. பாட்டைப் போனிலை கேளுங்கோ" என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கேட்காமலே கணனியில் செருகி, மென்பொருளைப் புதிதாக ஏற்றும் 'ரிஸ்டோர்' பொத்தானை அழுத்தப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதை அழுத்தினால் டிஸ்க்கில் மிச்சமிருக்கும் பாட்டெல்லாம் அழிந்துவிடும். கசெட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றியவை, எங்கே போய்த் தேட?

சரி, நானே திறந்தேன். சாப்பாட்டு மேசை, ஒரு வெள்ளைத் துணி, கித்தார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டு. விளிம்பில் அதைச் செருகி மெல்ல ஓட்டினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். விட்டதும் சட்டென்று இழுக்கக் கூடாது. பேட்டரியும் ஹெட்போன் துவாரமும் பின்மூடியோடு இருக்கின்றன. முன்பக்கத்தோடு அவற்றை இணைப்பவை நூல் கனமுள்ள நாடாக்கள். உள்ளே இருப்பது 1.8 அங்குலத் தொஷிபா டிஸ்க், நாலு மூலையிலும் ரப்பர் மெத்தை. அதன் நாடாவைப் பிடிக்கும் சின்னப் பட்டையை நகத்தால் நிமிர்த்தினால் நாடா தானாகக் கழன்று வரும். (பின்மூடியின் கொக்கி ஒன்றை வளைத்துவிட்டேன். நீங்களாயிருந்தால் வளைத்திருக்க மாட்டீர்கள்.)

டிஸ்க் வராது என்று சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை. அதே டிஸ்க்கைத் தேட வேண்டியதில்லை. அந்த இடத்தில் மெமரி கார்ட் போடும் அடாப்டர் இருக்கிறது. சுழலும் பாகம் இல்லை, கீழே விழுந்தாலும் பயமில்லை, பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஐபொட்டின் மென்பொருளே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதால் புதியதைப் போட்டபின் ரிஸ்டோர் செய்தே ஆக வேண்டும். அந்த பொத்தானுக்கு அதுதான் நேரம், அதற்கு முன்னால் இல்லை.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது இந்த நகரம் உங்கள் மேசைகளைச் சுற்றித்தான் நின்றது. புதிது வாங்க முடியாத காலத்தில் எதையெல்லாம் பிழைக்கவைத்தீர்கள்! அந்தக் கைகளா இப்போது திறக்காமலே கைவிரிப்பது? கூலி கேளுங்கள், தாராளமாகத் தருகிறேன். திறந்து பார்த்துவிட்டு முடியாது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்றிய டிஸ்க்கை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தாருங்கள், அது எங்களுடையது.

அப்புறம் ஒரு விசயம். தங்கையின் ஐபொட் கிளாசிக்கும் இப்போது டிக் டிக் என்கிறது. அதன் முகப்பு உலோகம், கொக்கிகள் மகா இறுக்கம், என் கித்தார்த் துண்டு அதில் உடைந்தே போய்விட்டது. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். யார் திறப்பீர்கள்?

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளன்