ரோபோப் பெட்டியை அலுமாரியிலிருந்து வெளியே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு வந்தால் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கடைக்கு வந்துவிடுவார்கள், தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு தானாக ஓடுகிற சின்ன ரோபோ செய்வதற்கு. அவர்கள் படிக்கிற பாடசாலைக்கும் இதே மாதிரி ரோபோ செய்கிற சாமான்கள் அடங்கிய பெட்டிகள் வந்தன. வந்த நாள் முதல் அலுமாரியில் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்கிறார்கள்.

உடையட்டும் என்கிறேன். அதில் உடைவதற்கு என்ன இருக்கிறது? இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், நாலு வயர், புரோகிராம் எழுதி ஏற்றி மோட்டாரை ஓட்டுகிற ஆர்டுயினோ என்ற சின்ன போர்ட் ஒன்று. ஆர்டுயினோவே 2005இல் இத்தாலியில் மாணவர்கள் கையில் கொடுத்துப் பழக்குவதற்காகச் செய்ததுதான். அதில் ஊனோ என்கிற வகைப் போர்டில் புரோகிராம் எழுத இருப்பது 32 கிலோபைட் இடம், போனில் எடுக்கிற ஒரு படம்கூட அதில் அடங்காது, ஆனால் கோடு பிடிக்க அது தாராளம்.

முன்பக்கம் அடியில் ஐந்து சென்சர். அவை விடுகிற, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்பும், கறுப்பில் பெரும்பாலும் திரும்பாது. கோடு எந்தப் பக்கம் விலகியதோ அந்தப் பக்கச் சில்லை மெதுவாக்கினால் வண்டி திரும்பிவிடும். முதலில் எங்கள் பிள்ளைகள் 'விலகினால் திருப்பு' என்று மட்டும்தான் எழுதினார்கள், வண்டி கள்ளுக் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. எவ்வளவு விலகியதோ அவ்வளவு மட்டும் திருப்பு, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றும் பார் என்று சேர்த்த பிறகுதான் அமைதியாக ஓடியது. ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கிற வகையீட்டுக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கிறதுக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அது இன்னதென்று கையால் தெரிந்துவிட்டது.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையில் ஒரே மூடுபனி, வண்டி வளைவெல்லாம் அழகாக எடுத்தது. பத்து மணிபோல பனி விலகி ஜன்னல் வழியாக வெயில் டேப்பில் விழுந்த இடத்தில் சட்டென்று கோட்டை விட்டுப் போய் மேசைக் காலில் முட்டியது. எல்லோரும் பெட்டரியைச் சந்தேகப்பட்டோம், நானும்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையால் நிழல் கட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, வெயில்லயும் அந்த வெளிச்சம் இருக்குத்தானே, சென்சர் குழம்புது" என்றாள். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி சென்சரைச் சுற்றி ஒட்டினோம், சரியாகிவிட்டது. அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர், வீட்டில் கம்பியூட்டர் கிடையாது.

அப்புறம் புதிர்ப்பாதை, அதாவது பல சந்திகள் உள்ள கோட்டுத் தடத்தில் வண்டி தானாகவே முடிவுக்கு வழி கண்டுபிடிப்பது. சந்தி வரும்போதெல்லாம் இடது பக்கம் போ, முட்டுச்சந்து என்றால் திரும்பி வா, ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதிக்கொண்டே போ. 'இடது, திரும்பு, இடது' என்று பதிவாகியிருந்தால் அந்த இடத்தில் நேரே போயிருக்கலாம் என்று அர்த்தம், மூன்றையும் அழித்து 'நேரே' என்று போடு. இப்படிச் சுருக்கிக்கொண்டே வந்தால் இரண்டாவது ஓட்டத்தில் எங்கும் சிக்காமல் முடிவுக்குப் போய்விடும். தேயிலைக்குள் குறுக்குப் பிடித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுற்றி வளைத்து மறுபடி அதே இடத்துக்கு வருகிற பாதை இருந்தால் இந்த முறை உதவாது, அதற்கு வேறு வழி இருக்கிறது, அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம்.

கல்வி அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காசு வேலை இல்லை. கல்வி வலயத்துக்கு ஒரு ரோபோ ஓட்டத் தடம் போடுங்கள், எட்டுக்கு நாலு பலகை ஒன்றில் வெள்ளை பெயின்ட் அடித்து இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எந்தத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் வந்து ஓட்டிப் பார்க்கட்டும். போட்டி விதிகளைத் தமிழில் தாருங்கள். கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்ப முயன்றபோது விதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன, வண்டியின் நீள அகல அளவை நாங்கள் தப்பாக விளங்கிக்கொண்டதால் சேரவே முடியவில்லை. இரண்டு வாரம் கண் விழித்த பிள்ளைகளிடம் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது 2013இல், இத்தனை வருடம் கழித்தும் நம் பிள்ளை ஒரு சென்சரைத் தொட்டுப் பார்க்கக் கடைக்கு வர வேண்டியிருக்கிறது.

சென்சர் இணைப்பு, மோட்டார் இணைப்பு, புதிர்ப்பாதைக் கணக்கு எல்லாவற்றையும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பாடசாலை கேட்டாலும் போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிறேன், அலுமாரிச் சாவியை மட்டும் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
போன் திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்