ஐப்பசிக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நம் நிலத்துக் காய்கறிப் பையை வாராவாரம் வாங்கும் 40 குடும்பத்தை 65 ஆக்கிவிடலாம், கேட்டுக் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தை, மாசியில் நம் ஒன்றரை ஏக்கரில் வருகிற காயை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். அந்த மாதங்களில் 65 பை தாராளமாக நிரம்பும். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நிரம்பும் என்று பார்த்துவிட்டு ஆள் சேர். மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே கட்டியவர்கள் மழை என்றால் ஒரு வாரம் பொறுப்பார்கள், ஐந்து வாரம் பொறுக்க மாட்டார்கள்.

பைக்கு 5 கிலோ என்றால் 40 பைக்கு 200 கிலோ. பயிர் வைக்கும்போது 250 என்று வைத்துக்கொள்ள வேண்டும். சொத்தைக் கத்தரி, வெடித்த தக்காளி, வளைந்த புடலை எல்லாம் கழிந்துதான் மிச்சம் பைக்குப் போகும். அடைமழையில் கழிவு இன்னும் கூடும். தக்காளிப் பூ உதிரும், தேனீ வராமல் பந்தலில் பிஞ்சு வெம்பும், கீரையில் சேறு தெறித்துப் புள்ளி விழும்.

கீரையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிப் பை நிற்கும். வாரம் ஒரு சென்ட் முளைக்கீரை, ஒரு சென்ட் சிறுகீரை. சென்ட்டுக்கு 10 கிராம் விதை, காய்ந்த மணலோடு கலந்து தூவ வேண்டும். வெறும் விதையைத் தூவினால் ஒரு இடத்தில் கொத்தாகவும் ஒரு இடத்தில் வழுக்கையாகவும் முளைக்கும். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்க ஓரத்தில் கொஞ்சம் நொய் தூவிவிடு, அது அதிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். ஒரு வாரம் விதைக்கத் தவறினால் அந்த வாரம் ஒன்றும் தெரியாது, 25 நாள் கழித்துத்தான் பையில் தெரியும். மழை மாதத்தில் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி, சுற்றி வடிகால், இரட்டிப்பு இடம்.

உன் திட்டத்தில் எனக்கு உறுத்துவது வெண்டைதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். விட்டால் காய் முற்றி நார் ஏறும், செடியும் புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். எல்லாரும் சனிக்கிழமையே கேட்டால் திங்களும் புதனும் பறித்தது யாருக்கு? இப்போதே சனிக்கு 28 குடும்பம், புதனுக்கு 12. புதியவர்களைப் புதன்கிழமைக்கு மட்டும் சேர். முடியாது என்பவர்களை விட்டுவிடு.

பீர்க்கை, பாகல் பழ ஈக்கு நீ அனுப்பிய பொறியில் ஈயை இழுக்க வைத்திருப்பது மெத்தில் யூஜினால். அது மாந்தோப்பு ஈக்கு. கொடிக்காய் ஈ அதன் பக்கமே வராது, அந்த ஈயை இழுக்கும் கியூ லூர் கட்டி வாங்கி அனுப்பு. கத்தரியில் புழு துளைத்து வாடித் தொங்கும் நுனியைத் துளைக்குக் கீழே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடச் சொல்லியிருக்கிறேன். வரப்பில் வீசினால் புழு தப்பித்து மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிவிடும்.

காய் குறையும் வாரத்துக்கு வேலியோரம்தான் துணை. வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை. முருங்கைக்காயை நம்பாதே, மழையில் பூ நிற்காது. கோயம்பேட்டில் வாங்கிப் பையை நிரப்பலாம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். பக்கத்து நிலத்துக் காய் ஒன்று போனாலும் அது எங்கே விளைந்தது என்று சீட்டில் எழுதிப் போடு.

பணத்தைப் பற்றி அப்பா சொல்லச் சொன்னது: வருகிற முன்பணத்தைப் பன்னிரண்டு பங்காக்கி வாரம் ஒரு பங்கு மட்டும் எடு. முதல் மாதமே பந்தல் கம்பி, சொட்டுநீர்க் குழாய் என்று வாங்கிவிட்டால் கடைசி மாதக் கூலிக்குக் கை கடிக்கும். விலையை மூன்று மாதத்துக்கு ஒன்றாக வை. தக்காளி சந்தையில் 80 ரூபாய்க்குப் போகும்போது யாரும் பேச மாட்டார்கள், 10 ரூபாய்க்கு வந்ததும் கேட்பார்கள். பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடு. தீபாவளியை ஒட்டி இரண்டு வாரம் பை கிடையாது என்பதையும் அப்போதே சொல். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், நிலத்துக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

தையிலிருந்து 10 குடும்பம் சேர்க்கலாம். மிச்சத்தை அடுத்த கார்த்திகை முடிந்து பேசுவோம். காலித் துணிப்பைகள் அங்கேயே குவிந்து கிடக்கின்றன போலிருக்கிறது, புதன் வண்டியில் கொடுத்து அனுப்பு.

அம்மா