உள்ளங்காலையும் சேர்த்துப் பார்க்க உத்தரவிடக் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

விடுநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
கொட்டாம்பட்டி ஒன்றியம், மேலூர் வட்டம்.

பொருள்: தோல் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கிராம மக்கள் அதிகம் பேர் வர வழிசெய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவருக்குக் குதிகாலில் மிளகு அளவு கருப்பு. கருவேல முள் ஒடிந்து உள்ளே நிற்கிறது என்றார். பிறகு கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டினார், பிளேடால் சீவினார். இரண்டு வருடம் அந்தக் காலோடுதான் நாற்று நட்டார். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்றார்கள். போன தை மாதம் இறந்துவிட்டார்.

கருத்த தோலுக்கு அந்த வியாதி வராது என்று நாங்களும் நம்பியிருந்தோம். பாதி உண்மைதான், தோலின் கருமை வெயிலைத் தாங்கும். ஆனால் நம்மவர்களுக்கு மெலனோமா அதிகம் வருவது வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும். இன்னொரு வகைத் தோல் புற்றுநோய், தீப்பட்ட பழைய தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் கிளம்புகிறது.

பக்கத்து ஊரில் ஒருமுறை முகாம் போட்டார்கள். நடவு நேரம், காலை 9 மணி முதல் 1 மணி வரை. வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் 'புற்றுநோய்'. "கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கேன், அந்த வரிசையில நிக்கவா?" என்று ஒரு தாய் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. போனவர்களுக்கும் முகம், கை பார்த்தார்கள்; செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வருகிறவர்கள் உணர்ச்சியற்ற தேமலைத் தேடி உடம்பைப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் பிரஷர், சுகர் பார்க்கத் திண்ணைக்கே வருகிறார். இவர்களே உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், பழைய தழும்பு ஆகியவற்றையும் பார்க்கலாம். புது ஆள் வேண்டாம், பயிற்சி கொடுத்தால் போதும். நிறமோ வடிவமோ மாறும் கருப்பு, நாலு வாரமாகியும் ஆறாத புண் இவற்றைக் கண்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு வாங்கியவர் போனாரா என்று அடுத்த மாதம் கேட்கவும் வேண்டும். எங்கள் ஊரில் சீட்டெல்லாம் தகரப் பெட்டிக்குள் போய்விடும்.

முகாம் என்றால் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கே வரட்டும். வருகைப் பதிவுக்கு எல்லோரும் நிற்கும் நேரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். அன்றைய கூலியில் பிடித்தம் கூடாது. பெண்களைப் பெண் செவிலியரே பார்க்க வேண்டும். மறைப்புக்குத் தார்ப்பாய் நாங்கள் கட்டித் தருகிறோம். நோட்டீஸில் 'கால் பரிசோதனை' என்று போடுங்கள், சர்க்கரைக்காரர்களும் வருவார்கள். எதற்காகப் பார்க்கிறோம் என்பதை வந்தவர்களிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த நடவு தொடங்கும் முன் மேலூர் வட்டத்தில் மட்டுமாவது இதைச் செய்து பார்க்க ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்
(கையொப்பம் / கைரேகை)